செய்தவர் பெயர்

எங்கள் நூலகத்துக்குள் கழுதை வருவதைப் பற்றிப் பிரதேச சபைக்கு மூன்று முறை எழுதிப் போட்டோம். மூன்று முறையும் "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. கழுதையும் வந்துகொண்டுதான் இருந்தது. மன்னாரில் கழுதைக்கு உள்ள சுதந்திரம் மனிதருக்கு இல்லை என்று நான் சொல்வேன். பெற்றிசியா சிரிக்கமாட்டார். பிள்ளைகள் பசை பூசிக் காயவைத்த முட்டை மட்டைகளைக் கழுதைகள் தின்றுவிட்டுப் போன அன்றைக்கும், "மாப்பசை மணத்துக்கு வந்திருக்கும் அண்ணை, பசிதானே" என்றுதான் சொன்னார்.

நான் மில்ரன். அந்த நூலகத்தில் சிற்றூழியன். கதவு திறப்பது, கூட்டுவது, பேப்பர் அடுக்குவது, புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது என் வேலை. பெற்றிசியா நூலக உதவியாளர். நூலகர் என்று ஒருவர் எங்களுக்கு இல்லை. வெற்றிடம் நிரப்பப்படும் என்று சொல்லிச் சொல்லியே அந்த வேலையையும் பெற்றிசியாவின் தலையில் கட்டிவிட்டார்கள். இதிலுள்ள பெயர்கள் எல்லாம் மாற்றியவை, என் பெயரும் அப்படித்தான். படகின் இலக்கத்தையும் மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை எழுதவே இல்லை. அது பெற்றிசியா என்னிடம் கேட்டுக்கொண்டது.

ஊரில் அவருக்கு இப்போது ஒரு பெயர்தான் இருக்கிறது. காட்டிக் கொடுத்தவள். போர் நடந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது பொய் என்று தெரிந்த பெரிய ஆள் ஊரில் நான் ஒருவன்தான். ஊருக்குள் சொல்ல எனக்கு வாயில்லை. வெளியில் எங்கேயோ இருக்கிற உங்களுக்காவது தெரியட்டும்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு மண்டபம், பின்னால் ஒரு சின்ன அறை, நாலு அலுமாரி, இருக்க ஆறு வாங்கு. ஜன்னலால் பார்த்தால் வலை காயும், கருவாடு காயும், அதற்கு அப்பால் கடல். கருவாட்டு மணம் புத்தகங்களிலும் ஏறியிருக்கும். மன்னார் ரவுணிலிருந்து தாழ்வுபாட்டுப் பக்கமாகச் சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் தண்ணீர் குடிக்க எங்களிடம் நிற்பார்கள், புத்தகம் எடுக்க அல்ல.

2022ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. தகப்பன்மார் கரையில் குந்தியிருந்தார்கள், வீடுகளில் சண்டை. பிள்ளைகள் றோட்டில். அப்போதுதான் பெற்றிசியா சனிக்கிழமை வேலையைத் தொடங்கினார். வாரத்துக்கு ஒரு விலங்கு. முதலில் அதைப் பற்றி ஒரு பக்கம் வாசிப்பார், பிறகு எல்லோரும் சேர்ந்து அதைச் செய்வார்கள். சிரட்டையில் ஆமை, ஈர்க்கிலில் பூநாரை, பழைய காலுறையில் எட்டுக்கால் சாக்குக் கணவாய். சாமான் எல்லாம் குப்பைதான். மீன் ஏற்றி உடைந்த, லேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டி, முட்டை மட்டை, பழைய பேப்பர். பசை கிண்டுவது மட்டும் என் வேலை. அரசாங்கச் சம்பளத்துக்கு மாப்பசை கிண்டுகிறேன் என்று புறுபுறுத்துக்கொண்டே கிண்டுவேன். ஆனால் முதல் மாதம் ஏழு பிள்ளைகள் வந்த இடத்தில் மூன்றாம் மாதம் முப்பது பிள்ளைகள் வந்தார்கள், நான் பெரிய சட்டி வாங்கினேன்.

அங்கே இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, சிங்கம் கரடி எல்லாம் கிடையாது, கண்ணால் கண்டதைத்தான் செய்யவேண்டும். மற்றது, பெரிய ஆளின் கை பிள்ளையின் வேலையில் படக்கூடாது. வால் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். முடிந்ததும் ஒரு மட்டையில் எழுதி முன்னால் வைக்கவேண்டும்: செய்தவர் பெயர், வயது, எங்கே கண்டது. பிறகு ஒவ்வொருவராக எழும்பி நின்று, "இது நான் செய்தனான்" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். குரல் போதாவிட்டால் பெற்றிசியா திரும்பச் சொல்ல வைப்பார்.

இந்தச் சொல்ல வைக்கிற விசயம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. தொண்ணூறில், பதினொரு வயதில், வள்ளத்தில் ஏறி இந்தியப் பக்கம் போனவர்களில் அவரும் ஒருவர். எட்டு வருடம் அகதி முகாமில். போன புதிதில் அங்கே ஒரு ஓவியப் போட்டிக்குக் கழுதை ஒன்று கீறினாராம், இங்கே விட்டுவிட்டுப் போன வீட்டு முற்றத்தில் தனியாக நிற்கிற கழுதை. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் படத்தைத் தூக்கி, இது முகாம் பிள்ளை கீறியதில்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வேறொரு பிள்ளையின் கையில் பரிசைக் கொடுத்தார்.

"நான் வாய் திறக்கேல்ல அண்ணை" என்றார் பெற்றிசியா. "என்ர எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தாப் போதும். சொல்லேல்ல. அது இண்டைக்கும் தொண்டைக்குள்ள கிடக்கு."

அதற்குப் பிறகு அவருக்கு நடந்தவை இன்னும் பெரியவை. ஊருக்குத் திரும்பி, கல்யாணம் முடித்து, நாலாம் வருடம் கடலுக்குப் போன மனிசன் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, அந்தக் கழுதைப் படத்தைப் பற்றித்தான் பேசினார். மனிதருக்கு எது எங்கே குத்தும் என்று மற்றவர்களால் கணக்குப் போட ஏலாது.

பிறின்சி எங்களிடம் வந்தபோது ஒன்பது வயது. வாய் திறக்காத பிள்ளை. அவள் வீட்டில் கீறிக்கொண்டு போன படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, யாரிடம் கீறுவித்தாய் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். அதோடு பள்ளியில் கீறுவதை விட்டுவிட்டாள். ஆனால் அவள் கைக்கு ஒரு பேய்த்திறமை இருந்தது. அவள் செய்த ஆமையை நான் வாசற்படியில் கண்டு, நிசம் என்று நினைத்துக் கடலில் விட எடுத்தேன். இதைச் சொன்னபோது பெற்றிசியா முதன்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அந்தப் பிள்ளையை அவர் தனியாக எடுத்துக்கொண்டார். முழங்காலில் இருந்து அவள் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துச் சொல்லுவார்: "உன்ர கையால செய்ததை, ஆர் கேட்டாலும், எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும், நான்தான் செய்தனான் எண்டு சொல்ல வேணும். பயப்பிடக் கூடாது. விளங்குதா?" பிறின்சி தலையாட்டுவாள். "தலையாட்டினாக் காணாது. சொல்லு." ஐந்து மாதம் பிடித்தது. ஆறாம் மாதம் அந்தப் பிள்ளை சொன்ன சத்தத்துக்கு முற்றத்தில் நின்ற கழுதை காதைத் தூக்கிப் பார்த்தது. பெற்றிசியா அன்றைக்கு எல்லோருக்கும் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தார்.

பிறின்சியின் தகப்பன் றெனால்ட் சொந்தப் படகுக்காரன். குடி குறைவு, உழைப்பு அதிகம், கோபம் அதைவிட அதிகம். 2024 செப்ரெம்பரில் ஒரு விடியற்காலை அவனுடைய திருக்கை வலையில் கடற்பன்றி ஒன்று பட்டுச் செத்துக் கிடந்தது. கடற்பன்றி, கடற்பசு என்றும் சொல்வார்கள், மீன் இல்லை. பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற, மூச்சுவிட மேலே வரவேண்டிய பிராணி. வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் செத்துவிடும். வேண்டுமென்று பிடிக்கவில்லைதான். ஆனால் செத்ததென்றாலும் அறிவிக்கவேண்டும், தொடக்கூடாது என்று சட்டம். அறிவித்தால் எத்தனை நாள் கந்தோருக்கும் கோட்டுக்கும் அலைய விடுவார்களோ என்று பயந்தானோ, இறைச்சி ஆசையோ, அவன் வாலில் கயிறு போட்டுப் படகோடு இழுத்து வந்து தாழம்பற்றைக்குப் பின்னால் வைத்து வெட்டினான். ஏழு வீட்டுக்குப் பங்கு போனது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பை வந்தது. நானும் தின்றேன். மாட்டிறைச்சி மாதிரித்தான் இருந்தது. யாருக்கும் சொல்லவேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னவர்கள், கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பிள்ளைக்குச் சொல்ல மறந்துபோனார்கள்.

ஒக்ரோபர் வாசிப்பு மாதம். நூலகங்கள் எல்லாம் ஏதாவது செய்தாகவேண்டும். நாங்கள் "நான் கண்ட கடல் விலங்கு" என்று கண்காட்சி ஒன்று வைப்பதென்று முடிவானது.

"நான் கடற்பன்றி செய்யப்போறன் மிஸ்" என்றாள் பிறின்சி.

"ஆ, வடிவாச் செய். எங்க கண்டனி?"

"கரையில மிஸ். செத்தது."

"பாவம்" என்றார் பெற்றிசியா. அலை அடித்துக் கரையில் ஒதுங்கியது என்று நினைத்துக்கொண்டார். எங்கள் கரையில் அப்படி ஒதுங்குவதும் உண்டு. நான் பக்கத்திலிருந்து பசை கிண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கியது. சட்டியை விட்டுத் தலையை எடுக்கவில்லை. தலையை எடுத்தால் வாய் திறக்கவேண்டி வரும், வாய் திறந்தால் அந்த இறைச்சிப் பையைப் பற்றியும் சொல்லவேண்டி வரும்.

மூன்று சனிக்கிழமை இருந்து செய்தாள். முட்டை மட்டையைக் கரைத்து உடம்பு, சைக்கிள் ரியூப்பில் உதடு, சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து தோலின் நிறம். உதட்டைச் சுற்றித் தும்பால் மயிர் வைத்தாள். பிறகு கைப்பிடி அளவில் இன்னொன்று செய்தாள். அது குட்டியாம். வீட்டில் போய் ரெஜிபோமில் ஒரு படகும் வெட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு நீலப் பெயின்ற் தகப்பன் கொடுத்திருக்கிறான். என்னத்துக்கு என்று அவன் கேட்கவில்லை. பிள்ளையின் வேலையை ஒருநாள் வந்து பார்த்திருந்தால் நடந்தது நடந்திராது. ஆனால் எங்கள் ஊரில் எந்தத் தகப்பன் வந்து பார்த்தான்?

கண்காட்சியன்று காலை எட்டரைக்கு நான் மேசைத்துணி விரித்துக்கொண்டு நின்றேன். பிறின்சி தன் மேசையில் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கடற்பன்றியின் வாலில் நைலோன் தங்கூசிக் கயிறு. கயிற்றின் மற்ற நுனி படகின் பக்கத்தில். குட்டி படகுக்குப் பின்னால். படகின் முன்புறத்தில் அவள் மெல்லிய தூரிகையால் வெள்ளைப் பெயின்றில் இலக்கம் எழுதி முடித்திருந்தாள். 0417. றெனால்டின் படகு. இந்தக் கரையில் யாருக்கும் தெரியும்.

"பிள்ளை, நம்பர் என்னத்துக்கு?" என்றேன்.

"நம்பர் இல்லாட்டி நேவி விடாது மாமா" என்றாள்.

அதுதான் விசயம். எங்கள் பிள்ளைகளுக்கு நம்பர் இல்லாத படகு படகே இல்லை. எழுத்துப் பழக முன்னமே தகப்பனின் நம்பர் தெரியும். தூரத்தில் வரும்போது நம்பரைப் பார்த்துத்தான் அப்பா வந்துவிட்டார் என்று ஓடுவார்கள். படகு கீறு என்றால் பாய் இல்லாமல், இஞ்சின் இல்லாமல், ஆள் இல்லாமல்கூடக் கீறுவார்கள், நம்பர் இல்லாமல் கீறமாட்டார்கள்.

பெயின்ற் இன்னும் ஈரம். என் கையில் துடைக்கிற சீலை இருந்தது. ஒரு இழுப்பு போதும். பெரிய ஆளின் கை படக்கூடாது என்ற சட்டம் எனக்கு அந்த நேரம் வசதியாக ஞாபகம் வந்தது. அடுத்தவன் விசயம் என்றும் தோன்றியது. நான் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு பெற்றிசியாவைத் தேடிப் போனேன்.

அவர் பின்னறையில் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். வலை, கயிறு, ஏழு வீடு, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டைச் சேர்த்து ஏழு என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. கத்தியை வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. பிரதம விருந்தினர் சபைச் செயலாளர். அவரோடு விலங்குப் பாதுகாப்புக் கந்தோரிலிருந்து பார்த்தீபன் என்ற அதிகாரி. பிள்ளைகளுக்கு ஆமையைப் பற்றிப் பேச நாங்களே கடிதம் போட்டு அழைத்திருந்தோம்.

"பிறின்சி, இதை உள்ளறையில வைப்பமா?" என்றார் பெற்றிசியா.

"ஏன் மிஸ்? வடிவில்லையா?"

உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "வடிவாத்தான் இருக்கு. நீ போய் வெளியில பிள்ளைகளோட நில்லு. கேக் தருவினம்" என்றார். அவள் போனதும் படகின் இலக்கப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பினார். பெயர் எழுதிய மட்டையை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தார். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். மீன்பிடிகாரன் மகளின் முடிச்சு, அவிழவில்லை. அதற்குள் விருந்தினர் உள்ளே வந்துவிட்டார்கள்.

பார்த்தீபனை நான் குறை சொல்லமாட்டேன். மேசை மேசையாகக் குனிந்து பார்த்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல சொல் சொன்னார். பிறின்சியின் மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். குட்டியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். கயிற்றை விரலால் தொட்டார். பிறகு படகைத் திருப்பினார்.

"இதில பேர் இல்லையே. ஆர் செய்தது?"

"நான் செய்தது சேர்" என்றார் பெற்றிசியா. "பிள்ளைகளுக்கு மாதிரிக்குக் காட்ட."

"இந்த நம்பர்?"

"சும்மா வாயில வந்த நம்பர்."

முப்பத்துநாலு வருடம் தொண்டைக்குள் கிடந்ததை அவர் தன் கையாலேயே இன்னொரு பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தார்.

பார்த்தீபன் அவரை ஒரு கணம் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, நம்ப விரும்பினார் என்று எனக்குப் பட்டது. "நல்லாச் செய்திருக்கிறீங்கள்" என்று குட்டியைத் திரும்ப வைத்தார். அடுத்த மேசைக்குக் கால் எடுத்தும் வைத்துவிட்டார்.

"இல்லை சேர்."

பிறின்சி வாசலில் நின்றாள். விருந்தினர் வரும்போது தன் வேலைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று பழக்கியிருந்தது. அதற்குத்தான் திரும்பி வந்திருக்கிறாள். கையில் பாதிக் கேக். அவள் பெற்றிசியாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அதிர்ச்சிதான் இருந்தது. பிறகு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஆறு மாதம் பழகிய சத்தத்தில் சொன்னாள்.

"மிஸ் செய்யேல்ல. இது நான் செய்தனான். என்ர பெயர் பிறின்சி. வயது பத்து."

"பிறின்சி, நீ வெளியில போ" என்றார் பெற்றிசியா.

"விடுங்கோ மிஸ்" என்று பார்த்தீபன் அவளுக்கு முன்னால் குந்தினார். மெதுவாகத்தான் கேட்டார். "எங்க கண்டனீங்கள் அம்மா?"

"எங்கட கரையில. அப்பாட வலையில பட்டது. அப்பா கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர். குட்டி பின்னாலயே வந்தது சேர். தண்ணி முழங்கால் அளவுக்கு வந்த பிறகும் வந்தது. பிறகு நெடுக நிண்டது. நான் பள்ளிக்குப் போகேக்கயும் நிண்டது."

மண்டபத்தில் அப்போது நாங்கள் ஐந்து பேர்தான், அதில் செயலாளரும் பார்த்தீபனும் வெளியூர்க்காரர். மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் கேக்குக்கு அடிபட்டுக்கொண்டு நின்றார்கள். இறைச்சி யார் யாருக்குப் போனது என்று கேட்டால் என் பெயர் வருமே என்று நான் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. அன்றைக்கு அதற்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பலாம் போல இருக்கிறது.

பார்த்தீபன் எழும்பி வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார். பெற்றிசியா பிறின்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். றெனால்ட் கரையில், வலை வைக்கிற வாடிக் குடிசையில் நின்றான். அவனுக்கு அழைப்பு எடுத்துப் பார்த்தேன், தொலைபேசி வேலை செய்யவில்லை. நாங்கள் அவர்கள் வீட்டுப் படலையடிக்குப் போகும்போது ஜீப் கரைப் பாதையால் இறங்குவது தெரிந்தது.

பிறின்சியின் தாய் டிலோஜினி ஓடிவந்தாள். "என்ன நடந்தது? ஆர் சொன்னது அவைக்கு?"

பிறின்சி வாய் திறந்தாள். பெற்றிசியா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தார்.

"நான்தான் சொன்னனான்" என்றார். "கண்காட்சியில படகைக் கண்டிட்டு அந்தச் சேர் கேட்டவர். நான் சொல்லிப்போட்டன்."

பிறின்சி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து இரண்டாவது தடவையாக மிஸ் பொய் சொல்வதை அந்தப் பிள்ளை கேட்டது. டிலோஜினி பிள்ளையைப் பறித்து உள்ளே தள்ளிவிட்டு, பெற்றிசியாவின் கன்னத்தில் அறைந்தாள். பெற்றிசியா வாங்கிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "அண்ணை, பிள்ளை சொன்னதெண்டு வெளிய வரக்கூடாது. வந்தால் றெனால்ட் அவளை உயிரோட விடான். ஊரும் விடாது. அவள் வாழ்க்கை முழுக்க அது பின்னால வரும்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு என்ன கிடக்கு" என்றார்.

வாடியிலிருந்த ஐஸ் பெட்டியில் தோலும் உப்புப் போட்ட மிச்ச இறைச்சியும் அகப்பட்டன. படகையும் இஞ்சினையும் கோட்டுக்கு எடுத்துப் போனார்கள். றெனால்டுக்கு விளக்கமறியல், பிறகு சிறை, மொத்தம் ஏழு மாதம். டிலோஜினி நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். பிறின்சியைச் சித்தி வீட்டில் விட்டார்கள். கோட்டு வளவில் வெயிலுக்குள் கிடக்கிற 0417ஐ மன்னாருக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் கண்டேன். நீலம் வெளிறிக்கொண்டு போனது.

ஊர் பெற்றிசியாவைக் கைவிட்டது. நூலக வாசலில் மீன் குடலைக் கொட்டினார்கள். கழுவியது நான்தான். கோயிலில் அவர் இருக்கிற வாங்கில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அவர் இதற்குச் சன்மானம் வாங்கினார் என்றார்கள், அகதி முகாமிலேயே இந்த வேலைதான் பார்த்தவர் என்றும் சொன்னார்கள். என் மனைவிகூடச் சொன்னாள். அந்த இறைச்சியைச் சமைத்த அதே கையால் சோறு போட்டுக்கொண்டு சொன்னாள். நான் சோற்றைத் தின்றேன். சபையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது: அதிகாரிக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்கு எச்சரிக்கை. ஒரே நாளில் நடந்த ஒரே காரியத்துக்கு அரசாங்கம் அவரைப் பொய் சொன்னவர் என்றது, ஊர் உண்மையைச் சொன்னவர் என்றது. இரண்டுக்கும் தண்டனை அவருக்குத்தான்.

இடமாற்றம் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு மண்டபத்தில் பேப்பர் விரிப்பார், முப்பது பிள்ளைகளுக்கு விரிக்கிற மாதிரியே. பசை கிண்டச் சொல்வார். பன்னிரண்டு மணிக்கு நான் பசையைக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே ஊற்றுவேன். கழுதைகள் வந்து நக்கும். அவ்வளவு சனிக்கிழமையும் வந்தது அதுகள்தான்.

2025 யூன் மாதம், இரண்டாம் சனிக்கிழமை, பிறின்சி வந்தாள். வளர்ந்திருந்தாள். தகப்பன் வெளியே வந்து இன்னொருவன் படகில் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தான். சித்தி சந்தைக்குப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறாள் போல. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பழைய இடத்தில் போய்க் குந்தினாள். பெற்றிசியா மேசையில் இருந்து புத்தகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு பக்கமும் புரட்டவில்லை. நான் பசைச் சட்டியைக் கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டரை மணித்தியாலம் இருந்து கழுதை ஒன்று செய்தாள். முழங்கால் மடித்து நிலத்தில் படுத்திருக்கிற கழுதை. ஒரு காது கிழிந்திருந்தது. எங்கள் வேலியடிக்கு வருகிற அதே கழுதை. மூன்று வருடத்தில் இவ்வளவு நல்ல வேலையை அந்த மண்டபத்தில் நான் பார்த்ததில்லை. முடித்ததும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எழும்பினாள்.

பெற்றிசியா மேசை லாச்சியைத் திறந்து மட்டை ஒன்றும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்தார். கழுதைக்கு முன்னால் முழங்காலில் இருந்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய முகம் எட்டு மாதத்துக்குப் பிறகு திறந்தது. பேனையின் மூடியைக் கழற்றிப் பிள்ளையிடம் நீட்டினார்.

"எவ்வளவு வடிவா இருக்கு. பெயரை எழுது பிள்ளை."

பிறின்சி பேனையை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல்களில் பசை இன்னும் காயவில்லை, நான் பின்னால் நின்றதால் எனக்குத் தெரிந்தது.

"நான் செய்யேல்ல மிஸ்" என்றாள். "நான் வரேக்க இது இஞ்ச இருந்தது."

பெற்றிசியா நீட்டிய பேனையை நீட்டியபடியே வைத்திருந்தார். பிறகு மெல்ல மூடியைப் போட்டார்.

"ஓம் பிள்ளை" என்றார். "இருந்தது."

பிறின்சி செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அந்தக் கழுதை இப்போதும் இரண்டாவது அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. முன்னால் மட்டையும் இருக்கிறது. செய்தவர் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.